அவளைத் தடுக்காதே

நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அந்தத் தாய் ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். மகனுடைய போர்வை. ஒன்பதாம் வகுப்புப் படித்த பிள்ளை, நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டான். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அது. பெரிய போர்வை என்பதால் ஒற்றை ஆளாய் மடிக்க வரவில்லை. ஒரு முனையைச் சேர்த்தால் மறுமுனை நழுவித் தரையில் விழும். உதறிப் பிரிப்பார், மறுபடி முதலிலிருந்து மடிப்பார்.

நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, வேதாகமத்தைத் திறந்துவிட்டேன். ரோமர் 8:28. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற வசனம். வாசித்தேன், இரண்டு வார்த்தை விளக்கினேன். கர்த்தர் தவறு செய்கிறவர் அல்ல என்றேன். பிள்ளை நம்மைவிட நல்ல இடத்தில் இருக்கிறான் என்றேன். ஜெபம் பண்ணி ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"அப்போ நான் இனிமே அழக்கூடாதா, ஐயா?"

கோபமாகக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஆசிரியரிடம் அனுமதி கேட்குமே, அந்த மாதிரிக் குரல். எனக்குப் பதில் வரவில்லை. ஏதோ முணுமுணுத்துவிட்டு, இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி எழுந்தேன். போக வேண்டியது உண்மைதான். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த வேலை எனக்கு ஒரு தப்பிக்கும் வழியாக இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மா உள்ளே போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நான் வாசலிலிருந்தே பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நழுவிக் கிடந்த இரண்டு முனைகளைக் குனிந்து எடுத்துக்கொண்டார். இருவருமாக இழுத்துப் பிடித்து, கிட்டே வந்து, முனையோடு முனை சேர்த்து மடித்தார்கள். மடித்து முடிந்ததும் தாய் அதை மறுபடி உதறினார். அந்த அம்மா மறுபடியும் முனைகளைப் பிடித்தார். எத்தனை தடவை அப்படி நடந்ததோ, எனக்குத் தெரியாது. நான் கிளம்பிவிட்டேன்.

சபை ஊழியத்துக்கு வந்து 22 வருடமாகிறது. ஊழியத்தில் இரக்கம் வற்றிப்போவதைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் போர்வைதான். கல்நெஞ்சம் உள்ளவர்களுக்குத்தான் இரக்கம் வராது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். அன்றைக்கு என் நெஞ்சு கல்லாக இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். முந்தின இரவு தூங்கவே இல்லை. அப்படியிருந்தும் அந்த வீட்டுக்குள் போனதும் எனக்கும் அந்தத் தாய்க்கும் நடுவே ஒன்று வந்து நின்றது. 'இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்' என்ற எண்ணம்தான் அது.

நான் வாசித்த அந்த வசனமே 'அறிந்திருக்கிறோம்' என்றுதான் முடிகிறது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், 8:26-இல், ரோமர் நிருபத்தை எழுதிய அதே பவுல் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பல மாதம் கழித்துத்தான் நின்று படித்தேன். எதை வேண்டிக்கொள்ள வேண்டும் என்றுகூட நாம் அறியாமலிருக்கிறோம், ஆவியானவரே "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்கிறார். முதலில் அறியாமை, அப்புறம் பெருமூச்சு, அதற்கும் பிறகுதான் 'அறிந்திருக்கிறோம்'. நான் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து நேரே மூன்றாவதில் போய் நின்றிருக்கிறேன். துக்க வீட்டில் வசனம் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பிழைப்பே வசனம்தான். ஆனால் பவுல் அந்த வசனத்துக்கு வந்து சேர்ந்த வழியை விட்டுவிட்டு, வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய் நீட்டியது சரியில்லை.

வேதத்தில் இந்த 'எனக்குத் தெரியும்' ஆட்கள் எத்தனை பேர்! ஏலி ஆலயத்தின் ஆசாரியன். அன்னாள் பிள்ளையில்லாத வேதனையில் ஜெபிக்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவளைக் குடிகாரி என்று முடிவு கட்டிவிட்டான். ஜெபிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினவனுக்கே ஒரு ஜெபம் எப்படி இருக்கும் என்பது தெரியாமல் போனது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் முதலில் ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் செய்தது நல்ல ஊழியம். அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள், அங்கேதான் கெட்டது. பிறவிக் குருடனைப் பார்த்ததும் இயேசுவின் சீஷர்கள் கேட்டது இன்னும் மோசம். இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா? கேள்வி மாதிரித் தெரிந்தாலும் பாவம்தான் காரணம் என்பது அவர்களுக்கு முடிவாகிவிட்டது. யாருடைய பாவம் என்பதுதான் பாக்கி. அதுவும் அவன் காது கேட்க. அவன் குருடன், செவிடன் இல்லையே.

இன்றைக்கும் இது ஓய்ந்தபாடில்லை. புற்றுநோய் வந்தவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "விசுவாசத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது" என்கிறோம். பிள்ளை வழிதவறிப் போனால், "வீட்டில் குடும்ப ஜெபம் இருந்திருக்காது." கடன்பட்டவர் என்றால், "தசமபாகம் ஒழுங்காகக் கொடுத்திருப்பாரா?" நானும் பேசியிருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். ஏன் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தால் காரணம் பயம்தான். அவருக்கு வந்ததற்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் காரணம் என் வீட்டில் இல்லாதவரை அது எனக்கு வராது. அடிபட்டவன் மேலேயே குற்றத்தைப் போட்டு, அந்தக் குற்றத்தை நமக்கு மதிலாகக் கட்டிக்கொள்கிறோம்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் பாதித்தது 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். சூனேம் ஊர்க்காரி, கேட்காமலே கிடைத்த பிள்ளை, அந்தப் பிள்ளை மடியிலேயே செத்துப்போகிறான். அவனைத் தீர்க்கதரிசி எலிசாவின் கட்டிலில் கிடத்திவிட்டுக் கழுதையில் ஏறிக் கர்மேல் மலைக்கு வருகிறாள். எலிசா தூரத்திலேயே பார்த்து, அவளும் புருஷனும் பிள்ளையும் சுகமா என்று விசாரிக்கத் தன் வேலைக்காரன் கேயாசியை அனுப்புகிறான். அவள் கேயாசியிடம் "சுகந்தான்" என்கிறாள். பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறது, அவள் சொல்கிறாள் சுகம் என்று.

அந்த ஒரு வார்த்தையில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கும்போது, "நல்லா இருக்கீங்களா?" என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன். "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம், ஐயா." எத்தனை 'சுகந்தான்'களை நான் உண்மை என்று நம்பி அனுப்பி வைத்தேனோ! கேயாசியும் கேட்க வேண்டியதைக் கேட்டான், எலிசா சொல்லி அனுப்பியதை ஒன்று விடாமல் கேட்டான். அவள் அவனிடம் சொல்லவில்லை. யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் வீண் என்பது துக்கப்படுகிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

அவள் நேரே போய் எலிசாவின் காலைப் பிடிக்கிறாள். கேயாசி அவளை விலக்கிவிட வருகிறான். அவனுக்குத் தன் எஜமானுடைய மரியாதை முக்கியம், ஒழுங்கு முக்கியம். கெட்ட எண்ணத்தோடு வந்தான் என்று எழுதப்படவில்லை. எலிசா சொல்வதைத்தான் நான் மேஜைக்கு மேல் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "அவளைத் தடுக்காதே, அவள் ஆத்துமா துக்கமாயிருக்கிறது, கர்த்தர் அதை எனக்கு அறிவியாமல் மறைத்தார்." ராஜாக்களின் அந்தரங்கத்தையே அறிந்த தீர்க்கதரிசி, தன் வேலைக்காரன் முன்னால், ஒரு பெண்ணுக்கு முன்னால், எனக்குத் தெரியாது என்கிறான். தெரியாததால்தான் அவளைப் பேசவிடுகிறான்.

ஆனால் அவனும் முதலில் தன் தடியைத்தான் அனுப்புகிறான். கேயாசி ஓடிப்போய்த் தடியைப் பிள்ளையின் முகத்தின்மேல் வைக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எலிசாவே அந்த அறைக்குள் போய், கதவைப் பூட்டி, ஜெபம் பண்ணி, பிள்ளையின் மேல் படுத்து, வாயோடு வாயும் கண்ணோடு கண்ணும் கையோடு கையும் வைத்தபோதுதான் உடம்பில் சூடு ஏறியது. நான் அன்றைக்கு ரோமர் 8:28-ஐ எடுத்துப் போனதும் ஒரு தடி மாதிரித்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். குடிப்பழக்கம் உள்ள ஒருவர் என்னிடம் அடிக்கடி வருவார். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்பார், மருந்து என்பார். கொடுத்த பணம் எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மூன்று தடவை ஏமாந்த பிறகு, இவருக்குக் கொடுப்பதே இவருக்குச் செய்யும் கெடுதல் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் பணம் கொடுப்பதை நிறுத்தியபோது அதோடு சேர்த்து அவரைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். ஒரு சாயங்காலம் அவர் வாசலில் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் ஜெபத்தில் இருப்பதாகச் சொல்லும்படி மனைவியிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். அதற்குப் பிறகு வரவில்லை. வீடு மாறிப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவர் எதற்கு வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பணத்துக்காகவே வந்திருக்கலாம். "இல்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாமே. உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து "இல்லை" என்று சொல்லியிருக்கலாமே.

இரக்கத்தைத் தடுக்கிற அவசரத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் 40 இறையியல் மாணவர்களை வைத்துச் செய்து 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றே போதும். மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசும்படி அனுப்பினார்கள். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒருவர் குனிந்து சுருண்டு, இருமிக்கொண்டு கிடந்தார். அது ஏற்பாடு செய்த நடிப்பு. நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவது உதவி செய்தார்கள். நேரமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் என்பதால் குறிப்பிடும்படி வித்தியாசம் எதுவும் வரவில்லை. ஒரு ஞாயிறில் மூன்று ஆராதனை நடத்துகிற யாரும் இதைப் படித்துவிட்டு அந்த மாணவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஜெபக்குறிப்பைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஒரு சகோதரி தன் வீட்டு விஷயத்தைப் போதகரிடம் அழுது சொல்கிறார். போதகர் மூப்பரிடம், "ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று ஆரம்பிக்கிறார். மூப்பர் ஜெபக்குழுவில் பெயரைச் சொல்லாமல் சொல்கிறார், ஆனால் எல்லாருக்கும் யாரென்று புரிகிறது. அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரி உள்ளே வரும்போது நாலு பேர் தலையைச் சாய்த்துப் பரிதாபமாய்ப் பார்க்கிறார்கள். அதற்கடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. 'ஐக்கியத்தில் பின்வாங்கிவிட்டார்' என்று அவரே ஒரு ஜெபக்குறிப்பாகிவிடுகிறார். இதில் யாரும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனாலும் அவருடைய கண்ணீர் நம் கையில் புழங்குகிற சரக்காகிவிட்டது. உதவிப் பொருட்கள் கொடுக்கும்போது எடுக்கிற புகைப்படமும் அப்படித்தான். பையை வாங்குகிற விதவைத் தாயிடம், "அம்மா, இந்தப் பக்கம் பாருங்க" என்கிறோம். அவர் வேறெங்கோ பார்க்க நினைக்கிற நேரம் அது. உதவி அனுப்புகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியாயம் எனக்கும் தெரியும். எங்கள் சபையில் இப்போது பைகளை மட்டும் அடுக்கிப் படமெடுத்து அனுப்புகிறோம். இதுவரை யாரும் முகம் எங்கே என்று கேட்கவில்லை.

தப்புக்கு உடந்தையாகிவிடுவோமோ என்ற பயத்தில் இரக்கத்தை அடக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை, அவர்கள் பரிசுத்தத்தை உண்மையாகவே நேசிக்கிறார்கள். லூக்கா 15-இல் வரும் கெட்ட குமாரன் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த தம்பியை மூத்த மகன் தம்பி என்று சொல்லவில்லை, "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தகப்பன் பதில் சொல்லும்போது "உன் சகோதரனாகிய இவனோ" என்று மாற்றிக் கொடுக்கிறார். செய்த தப்பை அவர் மறைக்கவில்லை. உறவை மட்டும் அவன் கையில் திரும்ப வைக்கிறார்.

ஊழியர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசவேண்டும். வாரத்துக்கு இரண்டு அடக்கம், ராத்திரி 2 மணிக்கு மருத்துவமனையிலிருந்து வருகிற அழைப்பு, அதிகாலையில் ஒரு குடும்பச் சண்டை என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மரத்துப்போகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் கண்டறிந்து காட்டியது ஒன்று உண்டு. தொழுநோய் விரலைத் தின்பதில்லை. வலி தெரியாமல் போவதால், சுட்டாலும் வெட்டினாலும் கையை இழுத்துக்கொள்ளத் தெரியாமல், காயத்தின்மேல் காயம் பட்டுத்தான் விரல்கள் போகின்றன. மரத்துப்போன போதகருக்கும் அதுதான் நடக்கிறது. அவருக்கு வலிக்கவில்லை, அதனால் பலம் என்று நினைத்துக்கொள்கிறார். சபையும் அவரை 'அசையாதவர்' என்று புகழ்கிறது. சாப்பிடக்கூட நேரமில்லாத சீஷர்களைப் பார்த்து இயேசு, தனியான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறுவோம் வாருங்கள் என்றார். ஓய்வெடுக்கிற போதகரைச் சோம்பேறி என்று பேசுகிற சபைகள் மாற்கு 6:31-ஐ ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்க வேண்டும்.

நம் வேதாகமத்தில் 'மனதுருகி' என்று வருகிற இடங்களில் மூலத்திலுள்ள கிரேக்கச் சொல் குடல், ஈரல் போன்ற உள்ளுறுப்புகளைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. நாம் பேசுகிற தமிழில் அதற்கு இன்னும் கிட்டத்தில் சொற்கள் இருக்கின்றன. பெற்ற வயிறு பதறுகிறது என்கிறோம். ஈரக்குலையே நடுங்கிப்போச்சு என்கிறோம். அந்த வினைச்சொல் நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து 12 தடவைதான் வருகிறது. ஒன்று இயேசுவைப் பற்றி, அல்லது அவரிடம் ஒருவன் கெஞ்சும்போது, இல்லையென்றால் அவர் சொன்ன உவமைக்குள். சீஷர்களுக்கு அப்படி ஆனது என்று ஓரிடத்திலும் இல்லை. அத்தனை காலம் கூடவே நடந்தவர்கள்.

அதில் ஒரு இடம், ஒரே மகனைப் பறிகொடுத்த நாயீன் ஊர் விதவை. கர்த்தர் அவள்மேல் மனதுருகி, "அழாதே" என்றார். என்னைப் போன்றவர்கள் இந்த வசனத்தைக் காட்டி நியாயம் பேசலாம். ஆனால் அடுத்த நிமிடம் மகனை எழுப்பி அவள் கையில் கொடுக்கப் போகிறவர் சொன்ன வார்த்தை அது. எனக்கு அந்த வார்த்தையைச் சொல்ல உரிமை கிடையாது. அதே கர்த்தர் பெத்தானியாவில், செத்துப்போன லாசருவை எழுப்பப் போவது தனக்குத் தெரிந்திருந்தும், அவன் சகோதரி மரியாள் அழுவதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். உண்மையாகவே எல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அழுதார்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை வேறெந்த வீட்டுக்கும் போக வேண்டியிருக்காத நாளாகப் பார்த்துப் போனேன். அவனைப் பற்றிச் சொல்லுங்களம்மா என்றேன். சொன்னார். கையெழுத்து கோணலாக இருக்கும், ஆனால் கணக்கில் கெட்டிக்காரன். ராத்திரி போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குவான், மூச்சு முட்டுமே என்று அவர் எழுந்து எழுந்து முகத்தைத் திறந்துவிடுவாராம். சொல்லிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். வெளியே இருட்டிவிட்டது. கிளம்பும்போது, "ஏதாவது வாசிச்சிட்டுப் போங்க, ஐயா" என்றார்.

எதை வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு 88-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். வேறு புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை கடைசியில் எப்படியாவது துதிக்கு வந்துவிடும். இது வராது. முதலிலிருந்து கடைசிவரை முறையிட்டு, "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடும். வாசித்துவிட்டு நானும் அங்கேயே நிறுத்திக்கொண்டேன். விளக்கம் சொல்லவில்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"இதுவும் வேதத்துலதான் இருக்குதா, ஐயா?"

"இருக்குதம்மா."

"இன்னொரு தடவை வாசிங்க."

வாசித்தேன்.